நீர் ஆடிய டீம்களில் ஒன்று

ஓய்,

உம்முடைய கிளவுஸ் காலையிலிருந்து எங்கள் வீட்டு பால்கனியில் வெயில் காய்ந்துகொண்டிருக்கிறது. துபாய் கராமாவில் வெயிலுக்கா பஞ்சம்? ஆனாலும் அந்த நாற்றம் போவேனா என்கிறது. பக்கத்து ஃபிளாட்டில் இருக்கும் காயல்பட்டினத்து அம்மா கதவைத் தட்டி, கருவாடு காயப் போட்டிருக்கிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார். கருவாடு இல்லை, ஐஸ் ஹாக்கி ஆடுகிற கையுறை என்று சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்ததைப் பார்த்தால், கருவாடு என்றே ஒப்புக்கொண்டிருக்கலாம் என்று தோன்றியது.

"செத்தவங்க சாமானை வச்சிருக்கக் கூடாதுன்னு நான் சொல்லல. சமையக்கட்டு ஜன்னலுக்கு நேரா வைக்காதீங்கன்னுதான் சொல்லுதேன்" என்றாள் என் வீட்டுக்காரி செல்வி. பிறகு அவளே அதை எடுத்து, நன்றாக வெயில் விழும் மூலையில் உள்பக்கம் தெரியும்படி திருப்பி வைத்தாள்.

ஜூன் மாதம் விமானம் ஏறும்போது உம் ஹாக்கிப் பையை என் கார் டிக்கியில் போட்டுவிட்டு, வந்து எடுக்கிறேன் என்று சொல்லிப் போனீர். நான் கோல் கீப்பர். உம் கிளவுஸ் எனக்கு ஆகாது. ஆனாலும் பைக்குள்ளேயே கிடந்தால் பூஞ்சை பிடித்துவிடும் என்று நீர்தானே எல்லோரையும் விரட்டுவீர். அதனால் அவ்வப்போது எடுத்துக் காயவைக்கிறேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும், ஆடி முடித்த களைப்போடு நீர் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது. சிலருக்கு மல்லிகைப்பூ வாசனையில் ஆட்கள் ஞாபகத்துக்கு வருவார்கள். எனக்கு வாய்த்தவர் நீர், என்ன செய்ய.

சும்மா எழுதவில்லை. உமக்குத் தெரியாத செய்தி ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எதையும் முதலிலிருந்து சொன்னால்தானே எனக்குத் திருப்தி.

நாம் முதலில் சண்டைதான் போட்டோம். மாலுக்குள் இருக்கும் அந்த ஐஸ் அரங்கத்தில் எனக்கு ஐஸை உறையவைக்கும் சில்லர்களைப் பார்க்கிற வேலை. வெளியே தார் இளகும், உள்ளே தரை உறைந்து கிடக்கும். இரண்டுக்கும் நடுவில் உறுமிக்கொண்டிருக்கும் இயந்திரங்களுக்கு நான் பொறுப்பு. ஒரு சனிக்கிழமை காலை, மால் திறப்பதற்கு முன்னால், நீர் தலைக்கவசம், தோள்கட்டு, காலில் கத்தி பொருத்திய பூட்ஸ் என்று முழு வேஷத்தோடு சில்லர் ரூம் வாசலில் வந்து நின்று இங்கிலீஷில் சத்தம் போட்டீர். கோலுக்கு முன்னால் ஐஸ் கூழாகக் கிடக்கிறதாம். நான் இந்தியில் சமாதானம் சொன்னேன். நீர் விடவில்லை. எனக்கு எரிச்சல் வந்து, கூட நின்ற சாத்தூர்க்காரனிடம் தமிழில் சொன்னேன்: "துரைக்கு வீட்டு ஃப்ரிட்ஜுன்னு நெனப்பு. சுவிட்சைப் போட்டதும் உறைஞ்சிரணும்."

தலைக்கவசக் கம்பிக்குள்ளிருந்து பதில் வந்தது. "ஐசே, நான் துரை இல்லை. யாழ்ப்பாணம். ஐஸ் இளகிக் கிடக்கெண்டுதானே சொன்னனான், அதுக்கேன் நக்கல்?"

அன்றைக்கு எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நீரோ தலைக்கவசத்தைக் கழற்றிச் சிரித்தீர். ஐசே என்று நீர் கூப்பிட்டது ஐஸை இல்லை, என்னைத்தான் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. எங்கள் கோவில்பட்டிப் பக்கமும் ஒத்த வயதுக்காரரை நீர், உம்மை என்றுதான் பேசுவோம், உங்கள் பக்கமும் அப்படித்தான் என்று தெரிந்ததும் பாதி அந்நியம் போய்விட்டது. மீதிப் பாதி, ஹாக்கி என்ற பேச்சு வந்ததும் போனது. கோவில்பட்டி என்றால் ஹாக்கி. தெருவுக்குத் தெரு கிளப் வைத்திருக்கும் ஊரில் நானும் ஒரு கிளப்புக்கு கோல் கீப்பராக நின்றவன். அதை நான் பெருமையாகச் சொன்னதும் நீர், அது புல்லு ஹாக்கி என்று அடைமொழி போட்டீர். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஹாக்கி என்றால் எங்களுடையது, உங்களுடையதுதான் ஐஸ் ஹாக்கி, அடைமொழி உங்களுக்குத்தான் என்று நான் சொன்னேன். அந்த வழக்கு கடைசிவரை தீரவில்லை. இப்போதும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

அதற்கடுத்த மாதமே உங்கள் கோல் கீப்பருக்குத் தோஹாவுக்கு மாற்றல் ஆயிற்று. வளைகுடாவில் டீம் நடத்துவது ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிப்பதுதான். ஒருவனுக்கு விசா முடியும், ஒருவனுக்கு கம்பெனி மூடும், ஒருவன் பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பத்தோடு கிளம்புவான். நீர் நேராக சில்லர் ரூமுக்கு வந்தீர். எனக்கு ஐஸில் நடக்கவே தெரியாதே என்றேன். "கோலிக்கு ஓடத் தேவையில்லை. நிண்டால் காணும்" என்றீர். கோல் கீப்பர்தான் உமக்குக் கோலி, நின்றால் போதுமாம். அதைவிடப் பெரிய பொய்யை என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் சொன்னதில்லை.

நிற்கத்தான் முடியவில்லை, ஓய். சின்னப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டு பழகுவதற்கென்று பிளாஸ்டிக் பென்குயின் பொம்மை வைத்திருப்பார்களே, அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் பழகினேன். நாற்பதைத் தாண்டிய மீசைக்காரன் பென்குயினைத் தள்ளிக்கொண்டு போக, ஐந்து வயதுக் குழந்தைகள் சர்ரென்று கடந்து போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தன. செல்வி அதை வீடியோ எடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டாள். என் மச்சான் போன் போட்டு, துபாயில் வேலை போய்விட்டதா, சர்க்கஸில் சேர்ந்துவிட்டீர்களா என்று விசாரித்தான். நீர் மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்திலேயே பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டு, முழங்காலை மடக்கும், முழங்காலை மடக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தீர்.

ஒருவழியாக நின்றேன். அப்புறம்தான் பெரிய வில்லங்கம் ஆரம்பித்தது. பக் என்று சொல்கிற அந்தக் கறுப்பு ரப்பர் வில்லை என்னை நோக்கி வரும். எதிர்பார்த்ததைவிட நன்றாகவே மறித்தேன். ஆனால் கையுறைக்குள் லட்டு மாதிரி வந்து விழுந்ததைக்கூடத் தட்டிவிட்டுவிடுவேன். அது எதிராளியின் மட்டைக்குப் போகும், அவன் திரும்ப அடிப்பான், கோல். ஒரே ஆட்டத்தில் இப்படியே கோல் கோலாக வாங்கிக் கட்டிக்கொண்டோம். நீர் ஆட்டத்தின் நடுவிலேயே என்னிடம் வந்து நின்று, "ஏன் ஐசே தட்டி விடுறீர்? பிடிச்சு வைச்சிரும். பிடிச்சால் விசில் ஊதுவாங்கள், எங்களுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும்" என்றீர்.

எனக்கு அப்போதுதான் விஷயமே விளங்கியது. எங்கள் ஹாக்கியில் கீப்பர் பந்தைப் பிடிக்கக் கூடாது. பிடித்தாலோ மேலே படுத்தாலோ பெனால்டி. தடுக்கணும், ஓரமாகத் தள்ளணும், அவ்வளவுதான். சின்ன வயதிலிருந்து அந்த ஒன்றைச் சொல்லிச் சொல்லித்தானே கையைப் பழக்கியிருந்தேன். புத்திக்குப் புதுச் சட்டம் தெரிந்துவிட்டது. கைக்குத் தெரியவில்லை. இதை நான் உம்மிடம் விளக்கியபோது நீர் தலையில் அடித்துக்கொண்டீர். கனடா முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு பிழை விடுகிற கோலி கிடைக்கமாட்டான் என்றீர். அதன் பிறகு என்னைப் பழக்குகிறேன் என்று, சொல்லாமல் கொள்ளாமல் எதையாவது என் மேல் எறிவீர். டேப் உருளை, ஆரஞ்சுப் பழம், கார்ச் சாவி. ஒரு தடவை ஓட்டலில் வடையை எறிந்தீர். நான் அதையும் தட்டிவிட்டேன். அது பக்கத்து மேசை பாகிஸ்தானி பாயின் சாயாவில் விழுந்து, நாம் இருவரும் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டோம்.

அந்த ஓட்டல் ஏற்பாடும் நீர் கொண்டுவந்ததுதான். மேட்ச் முடிந்ததும் இரண்டு டீமும் கராமாவுக்கு வந்து சேர்ந்து சாப்பிட வேண்டும். ஜெயித்தாலும் தோற்றாலும் எதிர் டீமுக்கு நாம்தான் பரிமாற வேண்டும். நீர் வளர்ந்தது கனடாவில். சஸ்காட்சுவான் மாகாணத்தில், ஒரு பெரிய ரோட்டோரத்துச் சின்ன ஊரில் உம் அப்பாவுக்கு மோட்டலில் வேலை. அந்த ஊரிலேயே ஒரே தமிழ்க் குடும்பம் உம்முடையது. அங்கே மேட்ச் முடிந்தால் உள்ளூர் டீம் வெளியூர் டீமுக்கு ஹாலில் சாப்பாடு போடுமாம். முதல் மேட்சில் உம்மை ஐஸைச் சுற்றி நிற்கும் பலகையோடு சேர்த்து வைத்து இடித்தவனே அன்று சாயங்காலம் உமக்கு சூப் ஊற்றிக் கொடுத்தான் என்றும், அன்றைக்குத்தான் அந்த நாட்டில் இருந்துவிடலாம் என்று தோன்றியது என்றும் சொன்னீர். அதனால்தான் சட்னி எது சாம்பார் எது என்று தெரியாத ஃபின்லாந்துக்காரர்களுக்கும் ரஷ்யர்களுக்கும் நான் இலையில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தேன். அபுதாபி டீமின் கேப்டன், நான் செந்தாடி என்று பெயர் வைத்திருந்த நியூஃபவுண்ட்லாந்துக்காரர், வடையை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். நம்மைத் தோற்கடித்த நாள்களில் இரண்டு வடை கூடுதலாகச் சாப்பிடுவார். எனக்கு அது பிடிக்காது.

சாப்பிட்டு முடித்து எல்லோரும் கிளம்பிய பிறகு நீரும் நானும் பால் விடாத சுலைமானி டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அப்போது நீர் போனை எடுத்து, கனடாவில் முந்தைய நாள் நடந்த சீனியர் லீக் மேட்சுகளின் முடிவுகளைப் பார்ப்பீர். சீனியர் என்றதும் பென்ஷன் வாங்கியவர்களின் ஆட்டம் என்று நான் முதலில் நினைத்திருந்தேன். அப்படி இல்லை, தொழில்முறை ஆட்டத்துக்குப் போகாதவர்கள், போக முடியாதவர்கள், பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு ஊருக்காக ஆடுகிற ஆட்டம் என்று நீர் விளக்கினீர். எங்கள் ஊர் கிளப் ஆட்டம் மாதிரி என்றேன். ஓம், அதுதான், ஆனால் குளிரில் என்றீர்.

மாகாணம் மாகாணமாகச் சொல்வீர். வேலை உம்மை எங்கெல்லாம் கொண்டுபோனதோ அங்கெல்லாம் ஒரு டீமில் சேர்ந்திருக்கிறீர். சஸ்காட்சுவானில் கோதுமை அறுப்பு முடிந்தால்தான் டீமுக்கு ஆள் சேரும். இப்போது பண்ணைகள் பெரிதாகி, ஆட்கள் குறைந்து, இரண்டு மூன்று ஊர் சேர்ந்தாலும் ஒரு டீம் தேறுவது கஷ்டம். ஆல்பர்ட்டாவில் எண்ணெய்க்கு விலை இருந்தால் ஆள் இருக்கும், விலை விழுந்தால் கோலி முதற்கொண்டு காணாமல் போவான். ஒன்டாரியோவில் ஒரு லீக் உடைந்து இரண்டாகும், மறு வருஷம் இரண்டும் ஒட்டி ஒன்றாகும், பெயர்ப்பலகை எழுதுகிறவனுக்குத்தான் லாபம். நியூஃபவுண்ட்லாந்தில் மட்டும் இன்னும் பக்கத்து ஊரோடு மேட்ச் என்றால் அந்த ஊரில் கட்டிக்கொடுத்த தங்கச்சியோடுகூடப் பேசமாட்டார்கள் என்பீர். ஒரு காலத்தில் நாடே பேசிய கோப்பையை இப்போது எங்கே நடத்துவது என்று இடம் தேடுகிறார்கள் என்று சொல்லி உதட்டைப் பிதுக்குவீர். வானிலைச் செய்தி வாசிப்பது போல இதையெல்லாம் நீர் சொல்ல, நான் உளுந்துவடை தின்றுகொண்டே கேட்பேன். ஒரு ஊரையும் நான் பார்த்ததில்லை. ஆனால் எந்த ஊர் டீம் இந்த வருஷம் தாக்குப்பிடிக்கும் என்று எனக்கும் ஓர் அபிப்பிராயம் வந்துவிட்டிருந்தது.

ஒரு நாள் நீர் போனைப் பார்த்துவிட்டு அப்படியே கவிழ்த்து வைத்தீர். சின்ன வயதில் ஆடிய அந்த ரோட்டோரத்து ஊர் டீமையும் கலைத்துவிட்டார்கள் என்ற செய்தி அன்றைக்குத்தான் வந்திருந்தது. "நான் விளையாடின ஒரு டீமும் இப்ப இல்லை, ஐசே. ஒவ்வொண்டா எல்லாத்தையும் மூடிப்போட்டாங்கள்" என்றீர். நான் ஏதாவது கிண்டலாகச் சொல்லித் தேற்றலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் நீர், "இது ஒண்டாவது நிண்டால் எனக்குக் காணும்" என்றீர். இது என்று நீர் சொன்னது நம் சனிக்கிழமை டீமை. சத்வாவில் ஒரு டெய்லரிடம் நம்பர் தைத்த ஜெர்சியும், லெபனான்காரர், பிலிப்பைன்ஸ்காரர், கனடாவிலிருந்து வந்த பிராம்ப்டன் சர்தார் என்று கலந்துகட்டிய ஆட்களும், பிடிக்கத் தெரியாத கீப்பருமாக இருந்த டீமை. எனக்கு அன்றைக்கு உம்மைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கொஞ்சம் பொறுப்பாகவும் இருந்தது.

ஒரு டீம் நிற்பது நன்றாக ஆடுகிறவனால் இல்லை என்பது உம் கட்சி. யாரோ ஒருவர் வியாழக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து, ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, சனிக்கிழமை வருகிறாயா என்று கேட்க வேண்டும். மெசேஜ் போட்டால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுத் தூங்கிவிடுவான், குரலைக் கேட்டால்தான் வெட்கப்பட்டு வருவான் என்பீர். உம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். நான் அக்கா என்று கூப்பிடும் உம் மனைவி தேநீர் கொண்டுவந்து வைப்பார், அது ஆறிப்போகும், நீர் சர்தாரின் மாமியாரிடம்கூடப் பேசிக்கொண்டிருப்பீர்.

போன சீசன் முடிகிற சமயம். ஆளில்லாமல் ஒரு மேட்சை ஏற்கெனவே விட்டுக்கொடுத்திருந்தோம். இன்னொரு தடவை விட்டால் டீமைக் கலைத்து, மிச்சம் இருப்பவர்களை மற்ற டீம்களுக்குப் பிரித்துக் கொடுப்பது லீக்கின் விதி. அந்த நேரத்தில்தான் உமக்கு வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போய், கணையத்தில் கட்டி என்று சொன்னார்கள். நீர் அதை என்னிடம் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவே இல்லை. டொராண்டோவில் வைத்தியம் பார்க்கப் போகிறேன், அதற்கு முன்னால் கடைசி மேட்சுக்கு ஒரு ஆள் குறைகிறது, இரண்டாவதுதான் இப்போதைக்குத் தலைவலி என்றீர். எனக்கு வந்த ஆத்திரத்தில், மேட்சும் வேண்டாம் மண்ணாங்கட்டியும் வேண்டாம், உயிரைப் பாரும் என்று கத்தினேன். நீர் காதில் வாங்கவில்லை, குறைகிற ஆளுக்கு நானே வருகிறேன் என்றீர்.

அந்தச் சனிக்கிழமை அக்காதான் கார் ஓட்டிக்கொண்டு வந்தார். நீர் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, அவரே மண்டியிட்டு உம் பூட்ஸ் நாடாவை இழுத்துக் கட்டினார். குனிந்தால் உமக்கு வலிக்கும் என்று சொன்னார், வேறு எதுவும் சொல்லவில்லை. நான் தலைக்கவசத்தைச் சீக்கிரமாக மாட்டிக்கொண்டேன். கண்ணை மறைக்க அதைவிட நல்ல சாமான் கிடையாது.

நீர் ஓடவில்லை. என் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் மட்டையை ஊன்றிக்கொண்டு நின்றீர். எதிரே செந்தாடியின் அபுதாபி டீம். விஷயம் அவர்களுக்கும் தெரிந்திருந்தது. வேகமாக வருகிறவன்கூட உம் பக்கம் வந்ததும் வளைந்து போனான். அது உமக்குப் பொறுக்கவில்லை. நான் என்ன ஒப்புக்குச் சப்பாணியா, வந்து இடியுங்களடா என்று இங்கிலீஷில் ஏசினீர். செந்தாடி யோசித்துப் பார்த்துவிட்டு, அடுத்த தடவை வந்து உம்மைத் தோளால் மெல்ல ஒரு இடி இடித்தார். அப்புறம்தான் நீர் அடங்கினீர்.

கடைசி நிமிஷம். ஒரு கோல் முன்னால் இருக்கிறோம். செந்தாடி அடித்த பக் நேராக என் இடது கையுறைக்கு வந்தது. பிடித்தால் விசில். பிடித்திருக்கலாம். என் கோவில்பட்டிக் கை அதைத் தட்டிவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் அது போய் விழுந்தது உம் மட்டைக்கு முன்னால். நீர் அதைப் பலகையோரமாக ஒரே தள்ளாகத் தள்ளினீர். அது அந்தக் கோடிக்குப் போய்ச் சேர, நீர் இந்தப் பக்கம் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தீர். விசில் ஊதினார்கள். மேட்ச் முடிந்தது. நான் பயந்துபோய் உம் மேல் குனிந்தால், மல்லாக்கப் படுத்துக்கொண்டு வயிற்றைப் பிடித்துச் சிரிக்கிறீர். "இவ்வளவு சொல்லியும் பிடிக்கேல்லையே, மனுசா" என்றீர்.

அன்று கராமாவில் நீர் ஒரு இட்லியைச் சாம்பாரில் நனைத்துவிட்டு அதைத் தின்னாமலே வைத்திருந்தீர். ஆனால் எல்லா இலைக்கும் நீரே போய்ச் சட்னி ஊற்றினீர். அதன் பிறகு நான் உம்மை விமான நிலையத்தில்தான் பார்த்தேன்.

ஆகஸ்டில், நான் டூட்டியில் இருக்கும்போது, உம் மகள் ஆரணியிடமிருந்து மெசேஜ் வந்தது. சில்லர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், ஓய். சத்தமாகவே அழுதேன். அந்த இயந்திரங்கள் போடுகிற சத்தத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது. சாத்தூர்க்காரன் மட்டும் வந்து ஒரு பாட்டில் தண்ணீரை வைத்துவிட்டுப் போனான்.

இப்போது அந்தச் செய்திக்கு வருகிறேன்.

செப்டம்பரில் புது சீசனுக்கான கூட்டம். லீக்கைப் பார்த்துக்கொள்ளும் ஃபின்லாந்து அம்மாவை உமக்குத் தெரியும். நல்ல மனுஷி, ஆனால் விதி என்றால் விதி. கோடையில் நம் டீமிலிருந்து லெபனான்காரர் குடும்பத்தோடு போய்விட்டார், இன்னும் சிலருக்கு விசா முடிந்தது. நீரும் இல்லை. கணக்குப் பார்த்தால் பற்றவில்லை. இந்த டீமைக் கலைத்து ஆட்களைப் பிரித்துவிடுவதுதான் எல்லோருக்கும் நல்லது என்று அந்த அம்மா வருத்தத்தோடுதான் சொன்னார். யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டார்.

எனக்கு உள்ளுக்குள் ஆயிரம் இருந்தது. இது ஒன்றாவது நிற்கட்டும் என்று ஒரு மனுஷன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் என்பதை எந்த இங்கிலீஷில் சொல்வேன்? சொன்னால் அழுதுவிடுவேனோ என்று பயம் வேறு. எழுந்தேன். நின்றேன். "மேடம், நோ. ப்ளீஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவமானமாக இருந்தது.

அப்போது செந்தாடி கையைத் தூக்கினார். இந்த டீம் போய்விட்டால் ஆட்டம் முடிந்து எங்களுக்கு யார் சோறு போடுவது என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. எங்கள் ஊரில் டீமை மூடிய வருஷம், அடுத்த வருஷம் மறுபடி ஆரம்பிக்கலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், ஒரு தடவை மூடியதை யாரும் திறந்து நான் பார்த்ததில்லை என்றார். தன்னிடம் ஆள் கூடுதலாக இருக்கிறார்கள், இரண்டு பேரை இந்த டீமுக்குத் தருகிறேன், நல்லவர்களாகவே தருகிறேன் என்றார். அவர் உட்கார்ந்ததும் ரஷ்யக்காரர்களின் கேப்டன் எழுந்து, நான் ஒருவனைத் தருகிறேன் என்றார். நாமும் அவர்களும் ஒருவரையொருவர் எத்தனை தடவை பலகையோடு சேர்த்து இடித்திருப்போம்! அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, சரி, இந்த டீமுக்குச் சொந்தமாக கோல் கீப்பர் உண்டா என்று கேட்டார்.

நான் கையைத் தூக்கினேன். கூட்டத்தில் யாரோ, அவருக்குப் பிடிக்கத் தெரியாதே என்றார்கள். தெரியாவிட்டாலும் கீப்பர் கீப்பர்தான் என்று அந்த அம்மா தீர்ப்பு எழுதிவிட்டார்.

அன்றிலிருந்து வியாழக்கிழமைப் போன் என் தலையில் விழுந்தது. யாரும் என்னிடம் தரவில்லை, நானாகத்தான் எடுத்துக்கொண்டேன். உம் அளவுக்கு எனக்குப் பொறுமை கிடையாது. வருகிறாயா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லு, கலாஸ், அதோடு முடிந்தது என்பேன். பிராம்ப்டன் சர்தார், உன் சிநேகிதர் எவ்வளவு அன்பாகக் கேட்பார், நீ போலீஸ் மாதிரி கேட்கிறாய் என்று குறைப்பட்டுக்கொள்கிறார். ஆனால் வந்துவிடுகிறார். செல்வி வைத்த டீ இப்போது எங்கள் வீட்டிலும் ஆறிப்போகிறது. உம்மிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இந்த ஒரு வேலைதான். சந்தோஷமாகவே செய்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆரணி டொராண்டோவிலிருந்து கூப்பிட்டாள். இங்கேயே வளர்ந்த பிள்ளை, அவள் இங்கிலீஷிலும் நான் தமிழிலுமாகத்தான் பேசிக்கொள்வோம். அம்மா சௌக்கியமாக இருக்கிறார், தோட்டத்தில் பூசணி போட்டார், காய்த்தது என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, அப்பாவின் டீம் என்ன ஆயிற்று அங்கிள், கேட்கவே பயமாக இருந்தது என்றாள். நேற்றுதான் மேட்ச் ஆடினோம் என்று சொன்னேன்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஜெயித்தீர்களா என்று கேட்டாள். இல்லைம்மா, செமத்தியாகத் தோற்றோம் என்றேன். அவள் சிரித்தாள். அடுத்த மேட்ச் எப்போது என்று கேட்டாள். வரும் சனிக்கிழமைதான், அதிலும் தோற்போம் என்று நினைக்கிறேன் என்றேன்.

நாம் தோற்கிறோம், ஓய். வாரா வாரம் தோற்கிறோம்.